தெருப்பக்கச் சன்னலில் நின்ற தேவதை

க்ரூன்பாக்,
11 டிசம்பர் 2011, ஞாயிறு

ரெனாட்டே,

நேற்று மாலை உன் சுற்றுலாப் பேருந்தை என் வீட்டுக்கு நேர் எதிரே நிறுத்த வைத்தாய். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுச் சன்னலில் நிற்கும் மரத் தேவதை உன் குழந்தைக்காக வைத்தது என்று உள்ளே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆட்களிடம் சொன்னாய். காத்ரின் நீ பெற்ற பிள்ளை என்று சொன்னாய். நாற்பத்து மூன்று வருடமாக நாம் மூன்று பேர் மட்டும் காத்து வைத்திருந்ததை, கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான மது குடித்துவிட்டு வந்த ஒரு கூட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். இது துரோகம். வேறு சொல் எனக்குத் தெரியாது. தேடவும் போவதில்லை.

தொலைபேசியில் பேச மாட்டேன். பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதோடு போய்விடும். எழுதினால் நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். உன் பேருந்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். பச்சைக் கம்பளித் தொப்பி, கையில் சந்தையில் வாங்கிய இஞ்சி ரொட்டிப் பொட்டலம். இல்சே திறந்தாள். நான் பின்னால் நின்று காலணி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நீங்கதான் அவங்க அண்ணியா?”

“யாரோட அண்ணி?”

“எங்க வழிகாட்டி அம்மாவோட. பாவம், பெத்த பிள்ளைய பறிகொடுத்துட்டு, அந்தத் தேவதைய வைக்கத் தனக்குன்னு ஒரு தெருப்பக்கச் சன்னல்கூட இல்லாம... நீங்க இடம் குடுத்திருக்கீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு.”

“உள்ள வாங்க, குளிருது” என்றாள் இல்சே. அவளுக்கு வேறு என்ன வரும்? அந்த அம்மாள் பஸ் காத்திருக்கிறது என்று பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். இல்சே கதவைச் சாத்தினாள். “இந்த இஞ்சி ரொட்டி நம்ம பக்கத்துதே இல்ல” என்றாள். பிறகு முன்னறைக்குப் போய், தேவதையின் இரண்டு கைகளிலும் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்தாள். சன்னலிலிருந்து எடுத்துத் தொப்பிப் பெட்டியில் வைத்து அலமாரிக்குள் தள்ளினாள். அதன் பிறகு சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவள் பேசவில்லை.

நீ வெளியூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்குவதை நான் தடுத்ததில்லை. அது உன் வேலை. பையன் பிறந்தால், வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், சன்னலில் ஒரு மரச் சுரங்கக்காரன், பெண் பிறந்தால் ஒரு தேவதை, தெருவில் நடப்பவன் சன்னலைப் பார்த்தே வீட்டில் எத்தனை பிள்ளை என்று தெரிந்துகொள்ளலாம் என்று சொல். எந்த ஊர்க்காரிக்கும் சொல். ஆனால் என் சன்னலில் எங்கள் யென்ஸுக்கு ஒரு சுரங்கக்காரன், எங்கள் காத்ரினுக்கு ஒரு தேவதை. இந்தத் தெரு அப்படித்தான் படித்திருக்கிறது. கல்லறை நிலத்தின் குத்தகைத் தவணை முடிந்து அந்தக் குழந்தையின் இடத்தைச் சமப்படுத்திவிட்டார்கள். அங்கே இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். காத்ரின் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு மிச்சம் அந்தத் தேவதைதான். அதை நீ எடுத்துக்கொண்டாய்.

பொட்டலத்தோடு ஒரு முகவரிச் சீட்டும் இருந்தது. சன்னலைப் படம் எடுத்தாளாம், வேண்டுமானால் அனுப்புவாளாம். அந்த முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ சொன்னது இட்டுக்கட்டிய கதை என்று அவளுக்கு எழுது. எழுதியதை முதலில் எனக்குக் காட்டு.

லோதர்


கெம்னிட்ஸ்,
13 டிசம்பர்

அண்ணா,

உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே பிரித்துப் படித்தேன். வீட்டுக்குள் போய்ப் படிக்கும் வரை பொறுக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது, அது ஒன்றுதான் எனக்கு வசதி.

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம். அன்னாபெர்க் சந்தையில் எல்லோரையும் எண்ணி ஏற்றி, மலையேறி, இருட்டும் நேரத்தில் நம் ஊருக்குள் நுழைவோம். ரோலாண்ட் பேருந்தை மெதுவாக ஓட்டுவார். நான் உள் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுச் சன்னல்களை விளக்குவேன். அந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “உங்க சன்னல்ல எத்தன நிக்குது?” எல்லா வருடமும் நான் சொல்வது ஒரே பதில். “ஒண்ணும் இல்லங்க, நான் தொல்லை இல்லாத ஆளு.” அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பேருந்து அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இந்த வருடம் முதல் பயணத்தில், மூன்றாம் வரிசையில் ஒரு கிழவி. பேக்கரி வைத்திருந்தவளாம். அவளும் அதையே கேட்டாள். “உங்க சன்னல்ல எத்தன நிக்குது கண்ணு?” நான் வாயைத் திறந்தேன். வழக்கமான பதில் வரவில்லை. அப்போது உங்கள் வீடு இடது பக்கம் கடந்துகொண்டிருந்தது. “ஒண்ணு” என்றேன். “அதோ அந்த வீட்ல நிக்குது.” மைக் கையில்தான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

இதுவரை நடந்ததற்கு நான் வெட்கப்படவில்லை. இனிமேல் சொல்வதற்கு வெட்கப்படுகிறேன். அடுத்த சனிக்கிழமை யாரும் கேட்காமலே சொன்னேன். போன சனிக்கிழமை ரோலாண்டே என்னிடம் சொன்னார்: “அந்தத் தேவதை விஷயத்தச் சொல்லுங்க ரெனாட்டே. போன வாரம் கடைசி சீட்ல குறட்ட விட்டவன்கூட எழுந்து உக்காந்தான். இந்தத் தடவ வீட்டு முன்னாலயே நிறுத்திடறேன்.” வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுந்து நின்று, குரலைச் சற்று இறக்கிச் சொன்னேன். எங்கே நிறுத்தினால் கைக்குட்டையை எடுப்பார்கள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது, அண்ணா. முதல் தடவை அது பதில். மூன்றாம் தடவை அது காட்சி. அதற்காகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அண்ணியிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இட்டுக்கட்டிய கதை என்று யாருக்கும் எழுத மாட்டேன். காத்ரினைப் பெற்றது நான். எனக்குப் பதினேழு வயது. அண்ணியின் சித்தி வீட்டில், ஜூலை மாதம், சன்னலைச் சாத்திக்கொண்டு பெற்றேன். சித்தியே மருத்துவச்சி. பிறப்புப் பதிவில் தாயின் பெயர் என்ற இடத்தில் அண்ணி பெயரை எழுதினார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நீங்களும் அப்பாவும் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை முடிவு செய்தீர்கள். நான் அதே அறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நாம் மூன்று பேர் காத்து வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இரண்டு பேர் வைத்திருந்தீர்கள். நான் வெளியே நின்றேன்.

ரெனாட்டே


க்ரூன்பாக்,
14 டிசம்பர்

ரெனாட்டே,

குறுக்கே பேசாமல் படித்தேன். இப்போது நீ கேள்.

அப்பா தேவாலயக் குழுவில் இருந்தார். உனக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குழந்தையின் தகப்பன், அந்தச் சுரங்கப் பொறியாளன், பயிற்சி முடிந்ததும் முகவரி வைக்காமல் போய்விட்டான். இல்சேக்கும் எனக்கும் கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை. வேறு வழி என்ன இருந்தது? நீ இருந்தாய், உன் பிள்ளை இருந்தது, வீடு இருந்தது, மூன்றையும் காப்பாற்றினேன். நீ படித்தாய், டீச்சர் ஆனாய். அன்று நீ தலையாட்டினாய். உரித்துக்கொண்டே தலையாட்டினாய். நான் பார்த்தேன்.

சட்டத்தை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பனி தள்ளும் வண்டி ஓட்டிய வருடங்களில், கணவாய் திறக்கக் காத்திருந்த நேரத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து படித்தேன். பதிவில் யார் பெயரோ அவள்தான் தாய். பதிவை விடு. காத்ரினுக்கு மூச்சு வாங்கிய அந்த மார்ச் மாதம் இல்சே உட்காரவே இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மலைப்பாதை மூடிக்கிடந்தது. மருத்துவரின் காருக்கு முன்னால் என் வண்டியை ஓட்டிப் பனியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வந்து சேர்ந்தோம். பிரயோசனம் இல்லை. நீ அப்போது எங்கே இருந்தாய்? கல்லூரி விடுதியில். பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவள் இங்கே. பேருந்தில் நின்று கண்ணீர் வாங்குகிறவள் அங்கே. இதில் தாய் யார் என்று நீயே சொல்.

இன்று காலை வைகெல்ட் அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“லோதர், உங்க பொண்ணு எங்க? சன்னல்ல பையன் மட்டும் தனியா நிக்கிறான்?”

“தூசி தட்றோம்.”

“திருவருகைக் காலத்துக்கு நடுவுலயா? அதெல்லாம் முன்னாடியே தட்டி வைக்கணும். இல்சே அப்படி விடுறவ இல்லையே.”

“இந்த வருஷம் விட்டுட்டா.”

நான் இந்த ஊரில் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. இன்று ஒரு மரப்பொம்மைக்காகச் சொன்னேன். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

குடியிருப்புத் தெருவில் பேருந்துகள் நிற்கக் கூடாது என்று ஊராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு நீ இங்கே வருவாய். இந்த வருடம் மேசையில் உனக்குத் தட்டு கிடையாது.

லோதர்


க்ரூன்பாக்,
16 டிசம்பர்

ரெனாட்டே,

இல்சே போய்விட்டாள். காலையில் ரொட்டி வண்டி மணியடித்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ரொட்டி வண்டி போய்விட்டது, அவள் திரும்பவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். தொப்பிப் பெட்டி இல்லை. நிறுத்தத்தில் விசாரித்தேன். “கெம்னிட்ஸ் பஸ்ல ஏறினாங்க. மடியில ஒரு பெட்டி. உள்ள கேக்கான்னு கேட்டேன், ஆமான்னாங்க” என்றான் டிக்கெட் கொடுப்பவன்.

நாற்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் எனக்குத் தெரியாமல் அடுத்த தெருவுக்குப் போனதில்லை. இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

நீ என் வீட்டிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டாய்.

இரண்டு பேரையும் திருப்பி அனுப்பு.

லோதர்


கெம்னிட்ஸ்,
18 டிசம்பர், ஞாயிறு

அண்ணா,

நான் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அழைப்புமணி அடித்தது. தபால் என்று நினைத்துத் திறந்தேன். அண்ணி நிற்கிறாள். அஞ்சு மாடி ஏறி வந்த மூச்சு. லிஃப்ட் இருப்பது தெரியாதாம்.

“இந்தா, பிடி. கை வலிக்குது” என்று பெட்டியை நீட்டினாள்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“இன்னேரம் தெரிஞ்சிருக்கும்.”

கோட்டைக் கழற்றாமலே என் வீட்டில் சன்னல் சன்னலாகப் போய்ப் பார்த்தாள். படுக்கையறைச் சன்னல் சுவரைப் பார்க்கிறது. சமையலறைச் சன்னல் கார் நிறுத்துமிடத்தையும் டிராம் தண்டவாளத்தையும் பார்க்கிறது. “இதுதான் உங்க தெருவா?” என்றாள். இதுதான் என்றேன். அங்கேயே தேவதையை வைத்தாள். தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

நான் ஏற்றவில்லை. குச்சியை உரசுவேன், எரியும், கையைச் சுட வரும், ஊதிவிடுவேன். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“எல்லா வருஷமும் இத வைக்கிற முத நாள் நீ வருவ. நான் ஏத்துவேன், நீ பக்கத்துல நிப்ப. ஒவ்வொரு தடவையும் தீப்பெட்டிய உங்கிட்ட குடுத்தா என்னன்னு தோணும். லோதர் பாத்துட்டு இருப்பாரேன்னு குடுக்க மாட்டேன்.”

“நீங்களும் அவளுக்கு அம்மாதான் அண்ணி.”

“நான் இல்லன்னு சொன்னேனா? நான் அம்மாதான். நீயும்தான். இதுல எனக்குக் கோவம் எது தெரியுமா? அந்தப் பச்சத் தொப்பிக்காரிக்கு முன்னால எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? எத்தன வருஷம் என் பக்கத்துல நின்ன!”

உங்களுக்குச் செய்ததாக நீங்கள் சொல்லும் துரோகத்தை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன், அண்ணா. அவளுக்குச் செய்ததை ஒப்புக்கொள்கிறேன்.

விடுதியில் இருந்தாய் என்று எழுதியிருந்தீர்கள். இருந்தேன். உங்கள் தந்தி குழந்தை போன பிறகுதான் வந்தது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை முன்னால் வந்திருந்தால் நடந்தாவது வந்திருப்பேன். அடக்கத்தன்று என்னை மூன்றாம் வரிசையில், சித்தப்பா பிள்ளைகளோடு நிற்க வைத்தீர்கள். எல்லோரும் அண்ணியிடம் போய்க் கைகொடுத்தார்கள். வைகெல்ட் அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது, “அண்ணிக்கு ஒத்தாசையா இரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பேருந்தில் அந்தக் கிழவிதான் முதல் ஆள். “ஐயோ, என் கண்ணே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு வாயை மூட என்னால் முடியவில்லை.

நேற்று கடைசிப் பயணம். நம் ஊருக்குள் வந்தபோது மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டேன். நீங்கள் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தீர்கள், நிமிரவில்லை. உங்கள் சன்னலில் சுரங்கக்காரன் மட்டும் நின்றான். முன் வரிசையில் ஒருவர், “இந்த வீட்ல ஒரே பையன் போல” என்றார். நான் “ஆமாங்க” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தேவதை பத்திரமாக என் வீட்டில் இருக்கிறது, பிள்ளையை நானே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இங்கே அவளை யாராலும் படிக்க முடியவில்லை, அண்ணா. எதிர் வீட்டுக்காரர் மாடிப்படியில் நிறுத்தி, “உங்க பொம்ம அழகா இருக்கே, எந்தச் சந்தையில வாங்கினீங்க?” என்று கேட்டார். அந்தத் தெருவில் நின்றால்தான் அவள் ஒரு பிள்ளை. இங்கே அலங்காரம்.

அண்ணி எப்போது திரும்புவாள் என்று கேட்டேன். “அவர் எழுதட்டும்” என்கிறாள். உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “வாத்து ஃப்ரீசர்ல கீழ்த்தட்டுல இருக்கு. வியாழக்கிழம வெளில எடுத்து வைக்கச் சொல்லு. நான் வந்தாலும் வராட்டாலும் அது உருகணும்.”

ரெனாட்டே


க்ரூன்பாக்,
21 டிசம்பர், புதன்

ரெனாட்டே,

நான் முதல் கடிதத்தில் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நீ செய்தது துரோகம். இல்சே செய்தது இன்னொன்று. அதை அவளிடம் நேரில் சொல்வேன். இதைத் தெளிவாக வைத்துக்கொண்டு மேலே படி.

தந்தி விஷயம் சரி. குழந்தைக்கு உடம்பு முடியவில்லை என்று உனக்குச் சொல்லலாம் என்று இல்சே அப்போதே கேட்டாள். பரீட்சை நேரம், வேண்டாம் என்றேன். எழுதி வைக்கிறேன், நீ படித்துக்கொள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நேற்று சாயங்காலம் வைகெல்ட் அம்மா ஒரு தட்டில் கிறிஸ்துமஸ் ரொட்டி வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ரொட்டி கொடுக்க வரவில்லை, சன்னலைப் பக்கத்தில் பார்க்க வந்தாள்.

“இன்னும் தூசி தட்டி முடியலையா லோதர்?”

“முடிஞ்சுது.”

“அப்ப பொண்ணு எங்க?”

“அவ அம்மாகிட்ட.”

“இல்சே எங்க?”

“அவளும் அங்கதான்.”

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கணக்கு உதைத்தது முகத்தில் தெரிந்தது. நான் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. நீ பெற்றாய், நாங்கள் வளர்த்தோம், சொல்லாமல் வைத்தோம் என்று சொன்னேன். மூன்று வாக்கியம். நான் சொன்னதைத் திரும்ப வாங்குகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும்.

“அப்ப நாங்க இத்தன வருஷமா துக்கம் கேட்டது தப்பான ஆள்கிட்டயா?” என்றாள்.

“தப்பான ஆள் இல்ல. இன்னொரு ஆள்கிட்டயும் கேட்டிருக்கணும்.”

“நாங்கதான் கேக்கலையாக்கும்! நீங்க சொன்னீங்களா? வேலிக்கு வேலி இருக்கோம், எங்கிட்டகூட வாயத் தெறக்கல! அந்தப் பொண்ணப் பாத்து, அண்ணிக்கு ஒத்தாசையா இருன்னு சொன்னேனே, பாவி! என்னையும் சேத்துல்ல பாவியாக்கிட்டீங்க!”

தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு துண்டுகூட வைக்கவில்லை. இந்நேரம் செய்தி பேக்கரி வரைக்கும் போயிருக்கும். இன்று காலை பாதிரியார் எனக்கு வணக்கம் சொன்ன விதத்தைப் பார்த்தால் அங்கேயும் போயிருக்கிறது.

நீ பேருந்தில் சொன்னால் அது வெளியூர்க்காரர்களின் கண்ணீர், அடுத்த ஊரில் துடைத்துவிடுவார்கள். நான் இங்கே சொன்னால் அது ஊர்ச் செய்தி. சொல்லியாகிவிட்டது. இனி இந்தத் தெரு அந்தத் தேவதையை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படிப் படித்துக்கொள்ளும். அதனால் அது இந்தத் தெருவில்தான் நிற்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அது செய்யப்படவில்லை.

இனி ஆக வேண்டியவை. யார் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இல்சே வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வர வேண்டும். பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மேல் தட்டில் போடக் கூடாது. கேக் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

நீயும் அதே பஸ்ஸில் வர வேண்டும். தட்டு கிடையாது என்று எழுதியதை அடித்துவிட்டேன். எந்த நாற்காலி என்று இல்சே சொல்வாள்.

தேவதையைச் சன்னலில் வைப்பது நீ. சுரங்கக்காரனை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதும் உன் இஷ்டம். தீப்பெட்டியைக் கொடுப்பது இல்சே. ஏற்றுவது நீ. குச்சி எத்தனை வீணானாலும் பரவாயில்லை, புதுப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

வைகெல்ட் அம்மா சனிக்கிழமை காலை வருவாள். கோபமாக வருவாள், ஆனால் வருவாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வருவார்கள். நீ முன்னறையில் இல்சேக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் கைகொடுத்தால் கொடுக்க வேண்டும். துக்கம் கேட்டால் கேட்க விட வேண்டும். பரவாயில்லை, பழைய விஷயம் என்றெல்லாம் சொல்லி அனுப்பக் கூடாது.

யென்ஸுக்குச் சொல்வது நான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூப்பிடுவான், அப்போது சொல்வேன். அவனுக்கு யாரும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

ரோலாண்ட் அடுத்த வருடம் முதல் பேருந்தை நீரூற்றுப் பக்கம் நிறுத்த வேண்டும், என் வாசலில் இல்லை. மனுவை நான் திரும்பப் பெறவில்லை.

பேருந்தில் உன்னிடம் கேட்டால் பதில் சொல். நீயாகச் சொல்லாதே.

பச்சைத் தொப்பிக்காரிக்கு எழுத வேண்டியது நான், அவள் முகவரிச் சீட்டை வரும்போது கொண்டு வா. நீ சொன்னது உண்மை என்று எழுதி, அந்தப் படத்தை அனுப்பச் சொல்வேன். இஞ்சி ரொட்டி மட்டம் என்பதையும் எழுதுவேன்.

மன்னிப்பு என்று ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு எதிரே யார் பெயரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

வாத்தை ஃப்ரீசரிலிருந்து எடுப்பது நான். நாளைக்கு.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை பனி தள்ளுவது நான். நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் போன பிறகும் தள்ளிக்கொண்டிருப்பேன். நீ ஏற்றி முடிக்கும் வரை உள்ளே வர மாட்டேன்.

லோதர்